முறைத் தண்ணி

முடி கொட்டியிருக்க வேண்டும். அந்த ஊர்க் குளிரில் உதடு வெடித்து, கன்னம் தோலுரிந்து, பார்க்கச் சகிக்காமல் வந்து இறங்க வேண்டும். இல்லையென்றால் குண்டாகவாவது ஆகியிருக்க வேண்டும். ரொட்டியும் சீஸுமாகத் தின்றால் உடம்பு ஏறத்தானே செய்யும். யா அல்லா, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஏதாவது ஒன்று குறைந்திருக்கட்டும்.

வாசலைக் கூட்டிக்கொண்டே நாஸியா இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோது, சென்னை விமான நிலையத்திலிருந்து வந்த வண்டி பாகூர்க் கடைத்தெருவைத் தாண்டித் தெருவுக்குள் திரும்பியது. கதவு திறந்து முதலில் ஒரு ஜோடி சிவப்பு ஷூ இறங்கியது. பிறகு முஸ்கான், நாஸியாவின் நாத்தனார். இளைத்திருந்தாள். முடியைத் தோளுக்கு மேலே வெட்டியிருந்தாள். அது அவளுக்குப் பொருந்தவும் செய்தது.

“மச்சி!”

ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நாஸியாவின் கையிலிருந்த விளக்குமாறு இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு குத்தியது. முஸ்கான் மேல் ஏதோ பழத்தின் வாசனை அடித்தது. தன் மேல் டெட்டால் வாசனை அடிக்கும் என்று நாஸியாவுக்குத் தெரியும்.

மாமியார் ரோஷன் பீவி அடுப்பை அப்படியே போட்டுவிட்டு வந்தார். “எம் புள்ள எலும்பா வந்துகீது பாரேன். இன்னாடி இது, முடிய எலி கடிச்சிதா? முக்காடு எங்க?”

“கழுத்துல இருக்கும்மா.”

“கழுத்துல இருக்குறதுக்குப் பேரு முக்காடா?”

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது உள்ளறையிலிருந்து குழறிய குரல் வந்தது. “முஸ்… கான்.”

“இன்னா அத்தா?”

இரண்டு குரல்கள் ஒன்றாகப் பதில் சொல்லின. முஸ்கான் சட்டென்று திரும்பி நாஸியாவைப் பார்த்தாள்.

“அவுரு இப்பல்லாம் இவளத்தான் முஸ்கான்றாரு,” என்றார் ரோஷன் பீவி. “பேச்சு திரும்புனப்ப வாயில மொத மொத வந்த பேரு அதான். இன்னான்னு கேக்கலன்னா அழுவுறாரு. அதான் நாந்தான் சொன்னன், இன்னான்னு கேட்டுடுடின்னு.”

முஸ்கான் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடினாள். மாமனார் ஹபீப் முகமது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகளின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். கண்ணில் தண்ணீர் கோத்தது. பிறகு அவள் தோளைத் தாண்டி, கதவோரம் நின்ற நாஸியாவைப் பார்த்து, “முஸ்கான், தண்ணி,” என்றார்.

அந்த நேரத்தில் நாத்தனாரின் முகத்தில் வந்துபோனதை நாஸியா பார்த்தாள். இனித்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் இனிப்பு போகவில்லை.

மச்சி என்ற அந்தச் சொல் சட்டக் கல்லூரியில் தொடங்கியது. வகுப்புப் பையன்கள் ஒருவரையொருவர் மச்சி, மச்சி என்று அழைத்துக்கொண்டிருக்க, அவர்களைக் கேலி செய்வதற்காக முஸ்கான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெட்டப்பாக்கத்துப் பெண்ணை அப்படிக் கூப்பிட்டாள். “இன்னா மச்சி, நோட்ஸ் குடு மச்சி.” கடைசி வருஷத்தில் ஒருநாள் கேண்டீனில் சமோசாவைக் கடித்தபடி, “எங்க அண்ணனுக்குப் பொண்ணு பாக்குறாங்க. நீ கட்டிக்கயேன். நெஜமாவே மச்சியாயிடு,” என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் அந்த அண்ணன் ஆபித் நல்ல மாதிரி. ஹபீப் முகமதுவுக்கு மருமகள் வக்கீல் என்பதில் பெருமை. அவர்கள் வீடுகளில் அண்ணன் மனைவிக்கும் மச்சி என்றுதான் பேர்; சொல் முறையாகிவிட்டது.

சர்வதேசச் சட்டத்தில் வகுப்பில் முதலில் வந்தவள் நாஸியா. இதை அந்த வீட்டில் யாரும் மறுத்ததில்லை. யாரும் ஞாபகப்படுத்தியதும் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே மேசையில், ஒரே மடிக்கணினியில் நெதர்லாந்துக்கு விண்ணப்பம் போட்டார்கள். சர்வதேச சுற்றுச்சூழல் சட்டத்தில் முதுநிலைப் படிப்பு, ஒரு வருஷம். உதவித்தொகையோடு இரண்டு பேருக்குமே இடம் கிடைத்தது. ஹபீப் முகமது கடைத்தெருவில் ஒரு கடை விடாமல் அல்வா கொடுத்தார். அவருடையது மோட்டாரும் பைப்பும் விற்கிற கடை. “நான் பைப்பு வித்து பூமித் தண்ணிய உறியவெக்கிறன். எம் வூட்டுப் பொண்ணுங்க ரெண்டு பேரும் அதுக்குச் சட்டம் படிச்சிட்டு வந்து எம்மேலயே கேசு போடப்போறாங்க,” என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். மருமகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதா என்று ரோஷன் பீவி முனகியபோது, இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி, “ரெண்டு பேரும்,” என்றார். அதற்குமேல் பேச்சில்லை.

ஆடி மாதக் காற்றில் கடை வாசலில் ஹோஸ் சுருளைத் தூக்கும்போது அவர் விழுந்தார். பக்கவாதம். வலப்பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முஸ்கான் நாஸியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “யாராச்சும் ஒருத்தர் இருக்கணும் மச்சி. நான் இந்த வருசம் போவலன்னா அம்மா எனக்கு நிக்காஹ் முடிச்சிருவாங்க, அப்புறம் எங்க போறது? நீ கல்யாணம் ஆனவ. உன்ன யாரு என்ன பண்ணப்போறா? ஒரே வருசம். நான் வந்து அத்தாவப் பாத்துக்கறேன். அப்புறம் உன் மொற.”

நாஸியா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததே பதிலாகிவிட்டது. பல்கலைக்கழகம் அவள் இடத்தை அடுத்த செப்டம்பர்வரை வைத்திருக்க ஒப்புக்கொண்டது. ஒரே ஒரு தடவைதான், மறுபடி தள்ளிவைக்க முடியாது என்றும் எழுதியது.

அதன்பிறகு வந்த மாதங்களை அவள் இரண்டு கடிகாரத்தில் ஓட்டினாள். மாமனாரைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைக்கும்போது, அங்கே இப்போது உடன்படிக்கைச் சட்ட வகுப்பு என்று தெரியும். குதிகாலில் தேங்காயெண்ணெய் தடவும்போது கடல் சட்டம். புரையேறாமல் இருக்கக் கஞ்சியைக் கெட்டியாகக் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கும்போது, முஸ்கான் நூலகத்தில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அந்த நாற்காலியின் படத்தை முஸ்கான்தான் அனுப்பினாள். நாஸியா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். மேசைமேல் ஒரு ஆப்பிள் இருந்தது, ஒரு வாய் கடித்தது. அதைக்கூட அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆய்வுக்காகப் பாகூர் ஏரிப் பாசனத்தைப் பார்க்கத்தான் முஸ்கான் இப்போது வந்திருந்தாள். சில நாட்கள் இருப்பாள். மகளுக்காக ரோஷன் பீவி தினமும் ஒன்று சமைத்தார். நெய்ச்சோறு, தால்ச்சா, எறா வறுவல், வட்லப்பம். வெங்காயம் உரிப்பது நாஸியாவின் வேலை. பங்குனி வெயிலில் சமையற்கட்டின் தகரக் கூரை கொதித்தது.

“அங்க ப்ரொஃபசரை பேர் சொல்லித்தான் கூப்புடணும்மா,” என்றாள் முஸ்கான், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து.

“சின்னப் பையனா?”

“அறுவது இருக்கும்.”

“அடி செருப்பால. அறுவது வயசு ஆம்பளைய பேரச் சொல்லியா கூப்புடுற?”

“மரியாத இல்லன்னு இல்லம்மா. அங்க அதான் மரியாத.”

ஆபித் சிரித்தான். நாஸியா எறாவைப் பரிமாறிக்கொண்டே, “ரெண்டு நாட்டுக்கு நடுவுல ஓடுற ஆத்துல ஒரு நாடு காகித ஆலை கட்டுச்சே, அந்தத் தீர்ப்ப எப்படி நடத்துனாரு?” என்று கேட்டாள். கேட்கக் கூடாதென்றுதான் இருந்தாள்.

முஸ்கான் நிமிர்ந்தாள். “அத நீ படிச்சியா?”

“நீ அனுப்புன லிஸ்ட்ல இருந்திச்சி.”

“எவ்ளோ பெருசு மச்சி அது! நான் சம்மரிதான் பாத்தேன்.”

நாஸியா கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டுச் சமையற்கட்டுக்குப் போனாள். குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். கழுவுவதற்கு ஒன்றும் இல்லை. அந்தத் தீர்ப்பை அவள் கடையில், மோட்டார் கேட்டு வருகிறவர்களுக்கு நடுவே, ஃபோனில், மாசக்கணக்கில் வாசித்தாள். ஒரு பைப்பை அறுத்துக் கொடுத்துவிட்டு ஒரு பத்தி. ஒரு வால்வை எடுத்துக் கொடுத்துவிட்டு இன்னொன்று. தனக்கு முன்னால் வைத்த சாப்பாட்டை ஒருத்தி கொறித்துவிட்டு நகர்த்துகிறாள். அதை வாசலில் நின்று பார்க்கிறவளுக்குப் பசி மட்டுமா வரும்?

மறுநாள் முஸ்கான் அப்பாவுக்குத் தானே கஞ்சி ஊட்டுகிறேன் என்று உட்கார்ந்தாள். இரண்டாவது ஸ்பூனிலேயே அவருக்குப் புரையேறியது. முகம் சிவந்து கண் பிதுங்கியது. கஞ்சி அவள் சட்டையில் தெறித்தது. முஸ்கான் எழுந்துவிட்டாள். நாஸியா வந்து அவர் தலையை முன்னால் சாய்த்து, முதுகை நீவி, வாயைத் துடைத்தாள்.

“எனக்குப் பயமா இருக்கு. நீயே குடு மச்சி. உன் கைதான் அவருக்குப் பழக்கம்.”

“எனக்கும் மொத மொத அப்படித்தான் இருந்திச்சி,” என்றாள் நாஸியா. “ஸ்பூன நாக்கு நடுவுல வெக்காத. இடப்பக்கமா குடு. முழுங்குனாரான்னு தொண்டையப் பாரு.”

முஸ்கான் தலையாட்டினாள். ஸ்பூனை வாங்கிக்கொள்ளவில்லை.

ரோஷன் பீவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “அவ மருமவ இல்லடி. எனக்கு மவதான்,” என்றார். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. ஆரம்பத்தில் அதைக் கேட்டு நாஸியாவுக்குக் கண் கலங்கியிருக்கிறது. இப்போது, மகள் என்றால் மகளுக்குக் கொடுத்ததையும் கொடுக்க வேண்டும் அல்லவா என்று தோன்றியது.

மூன்று சக்கரம் வைத்த பழைய ஸ்கூட்டியை நாஸியா ஓட்ட, முஸ்கான் பின்னால் உட்கார்ந்துகொள்ள, இரண்டு பேரும் கிருமாம்பாக்கம் போகும் வழியிலுள்ள கடைமடை வயல்களுக்குப் போனார்கள். முன்பு கடை வேலைக்காக ஆபித்தின் சித்தப்பா ஓட்டிய வண்டி அது. ஆபித்தை ஓட்டச் சொன்னால் கௌரவக் குறைச்சல் என்பான். நாஸியாவுக்குக் கடைச் சாமான் ஏற்ற வசதியாக இருந்தது. வழியெல்லாம் முஸ்கான் பேசிக்கொண்டே வந்தாள். சொர்ணாவூர் அணை தமிழ்நாட்டில். அங்கிருந்து பங்காரு வாய்க்காலில் வருகிற தண்ணீர் நிரப்புவது பாண்டியிலிருக்கும் இந்த ஏரியை. “எல்லை தாண்டுற தண்ணி மச்சி. என் தீஸிஸுக்குன்னே அல்லா வெட்டிவிட்ட வாய்க்கா.”

வீரப்பன் வரப்பில் நின்று மண்வெட்டியால் பாசியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கடைக்கு வாடிக்கையாக வருகிறவர். நவரைப் பட்டத்து நெல் கதிர் வாங்கும் நேரம். அவர் வயல் வெடித்துக் கிடந்தது. அடுத்த வயலில் கணுக்கால் தண்ணீர் நின்றது.

“இன்னா பாப்பா, பாய் எப்பிடி கீறாரு? கை வருதா?”

“வெரல் அசைக்கிறாருண்ணே.”

“இது சின்னப் பாப்பாவா? ஃபாரின்ல கீதே, அதுவா? இன்னா படிக்கிற பாப்பா?”

“சர்வதேச சுற்றுச்சூழல் சட்டம்ணே.”

“அப்பிடின்னா?”

“ஒரு நாட்டுக்காரன் பண்ற காரியத்தால இன்னொரு நாட்டுத் தண்ணியோ காத்தோ கெட்டுச்சின்னா, யாரு கேக்குறது, எப்பிடிக் கேக்குறதுன்னு படிக்கிறது.”

வீரப்பன் மண்வெட்டியை ஊன்றி நின்றார். “அதுக்கு ஏன் பிளேன் ஏறிப் போன? எஞ் சகலகிட்ட போயிருக்கலாமே. தோ, மேல வயலு அவுனுதுதான். நடுவுல நாடு இல்ல, மாநிலம் இல்ல, இந்த ஒரு வரப்புதான்.”

முஸ்கான் ஃபோனை எடுத்தாள். “சொல்லுங்கண்ணே, இன்னா ஆச்சி?”

“மொறத் தண்ணி தெரியுமா உனக்கு? ஏரில தண்ணி கம்மியாச்சின்னா இந்த நாளு இவன், அந்த நாளு அவன்னு மொற வெச்சிக்குவோம். எம் மொறைக்கி அப்பால அவன் மொற. ஒரு வருசம் வந்து நின்னுகினு, ‘சகல, பொண்ணுக்குக் காதுகுத்து, மண்டபத்துக்கும் வயலுக்கும் அலைய முடியல, இந்த வாட்டி உம் மொறைய எனக்குக் குடு’ன்னான். ‘எடுத்துக்கடா’ன்னன். சொந்தம்தானே? எம் பொண்டாட்டி கூடப் பொறந்தவள கட்டிகினவன்.”

“திருப்பிக் குடுத்தாரா?”

“எங்க குடுத்தான்! அடுத்த வருசம் எம் மொற அன்னிக்கி நான் போறன், எனக்கு முன்னாடி மடையத் தொறந்து வுட்டுகினு குந்திகீறான். இன்னாடான்னா, ‘போன வருசம் நாந்தான எடுத்தன், நீ ஒண்ணும் சொல்லலியே’ன்றான்.”

“நீங்க இன்னா சொன்னீங்க?” என்று கேட்டது நாஸியா.

“இன்னாத்த சொல்றது? மாமியா வூட்டுல மூஞ்சில முழிக்கணுமே. கம்முனு வந்துட்டன். அதான் தப்பு. மொறைய ஒரு தபா வுட்டா, அப்பால அது வுட்டவன் மொற இல்ல பாப்பா. எடுத்தவன் மொற.”

முஸ்கான் துள்ளினாள். “மச்சி, அக்வியெசென்ஸ்! நீ எனக்கு எக்ஸாமுக்கு முந்தின நாளு சொல்லிக் குடுத்தியே! சும்மா இருந்தா ஒத்துக்கிட்டதா அர்த்தம். அப்படியே புஸ்தகத்துல இருக்குறது! அண்ணே, இத இன்னொரு தபா சொல்லுங்க, ரெக்கார்டு பண்ணிக்கிறேன்.”

“அய்யய்ய, எஞ் சகல காதுல வுழுந்தா வம்பு.”

“நெதர்லாந்துலதான் கேப்பாங்க.”

“அங்க நம்மாளுங்க இல்லியா?” என்று யோசித்தார் வீரப்பன். பிறகு தோள் துண்டைச் சரி செய்துகொண்டு, தொண்டையைக் கனைத்து, மேடைப் பேச்சு போல ஆரம்பித்தார். “அதாகப்பட்டது, எங்களுடைய தண்ணீர் முறையானது…”

முஸ்கான் விழுந்து விழுந்து சிரித்தாள். “வேணாம்ணே, மொதல்ல சொன்ன மாதிரியே சொல்லுங்க!”

நாஸியா சிரிக்கவில்லை. அவள் முஸ்கானின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள், இப்போது கேட்டிருப்பாள், திரும்பி என்னைப் பார்ப்பாள் என்று காத்திருந்தாள். முஸ்கானின் முகத்தில் ஆய்வுக்கு ஓர் உதாரணம் கிடைத்த மகிழ்ச்சி மட்டும்தான் இருந்தது. வெயிலில் அந்த முகம் அழகாக இருந்தது. அதுவும் நாஸியாவுக்கு எரிந்தது.

திரும்பும்போது ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள் முஸ்கான். பனை நிழலில் ஒரு அம்மாள் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். வாங்கிக்கொண்டு கரைமேல் உட்கார்ந்தார்கள். ஏரி நடுவில் மட்டும் தண்ணீர் மின்னியது. ஓரமெல்லாம் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

“மச்சி.”

அது கல்லூரி மச்சியா, முறை மச்சியா என்று நாஸியா காதுகொடுத்துக் கேட்டாள். முறை மச்சிதான்.

“என் ப்ரொஃபசரு பிஎச்.டி.க்கு எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு. நாலு வருசம். இத முடிச்ச கையோட சேரணும்.”

நாஸியா நுங்கைக் கட்டைவிரலால் நோண்டிக்கொண்டிருந்தாள். “செப்டம்பர்ல நான் போவணும்.”

“தெரியும். தெரியாம கேப்பேனா? தள்ளிப் போடச் சொல்லிப் பாரேன்.”

“இன்னொரு வாட்டி தள்ள மாட்டாங்க. உனக்கும் தெரியும்.”

“திரும்ப அப்ளை பண்ணு மச்சி. உன் மூளைக்கு எப்ப போட்டாலும் கெடைக்கும். எனக்கு அப்பிடியா? எனக்கு இது ஒரு தபாதான்.” முஸ்கானின் கண் நிறைந்தது. நடிப்பில்லை. அவளுக்கு நடிக்கத் தெரியாது. “நான் இங்க வந்து இருந்தாலும் இன்னா பிரயோஜனம் சொல்லு. அத்தாவுக்கு ஒரு வாய் கஞ்சி குடுக்கத் தெரியல. என்னப் பாத்துட்டு உன்ன முஸ்கான்றாரு. எனக்கு எப்பிடி இருந்திச்சி தெரியுமா? பொறாமையா இருந்திச்சி. சத்தியமா. உன்மேல.”

இத்தனை மாதமாக இந்த வார்த்தையை நாஸியா நாக்குக்கு அடியில் வைத்திருந்தாள். இவள் எவ்வளவு சுலபமாக எடுத்து வெளியே போட்டுவிட்டாள்! ஷூ மேலில்லை, நூலகத்து நாற்காலி மேலில்லை, பனி மேலில்லை தன் பொறாமை என்று நாஸியாவுக்கு அப்போது விளங்கியது. இவளுக்குக் கேட்கத் தெரியும். பசித்தால் பசிக்கிறது என்கிறாள், வேண்டுமென்றால் வேண்டும் என்கிறாள். தனக்கு யாரும் அதைக் கற்றுத் தரவில்லையா, கற்றுக்கொடுத்தும் ஏறவில்லையா?

“நீ இங்க இருக்குறதாலதான் மச்சி என்னால அங்க இருக்க முடியுது,” என்றாள் முஸ்கான். நன்றியாகத்தான் சொன்னாள்.

“குருவிநத்தத்து காசம்மாள்கிட்ட பேசி வெச்சிருக்கேன்,” என்றாள் நாஸியா. “ஆஸ்பத்திரில நோயாளிங்களப் பாத்துகினவங்க. பகல் பூரா வந்து இருக்கேன்னாங்க. நான் பழக்கிக் குடுத்துட்டுப் போவேன்.”

“அம்மா ஒத்துக்க மாட்டாங்க. வேத்து மனுசி அத்தாவத் தொடக் கூடாதுன்னுட்டாங்க.”

“மாமிக்குத் தெரியுமா? பிஎச்.டி. விஷயம்?”

முஸ்கான் ஏரியைப் பார்த்தாள். “போன மாசமே சொல்லிட்டேன். அண்ணனுக்கும்.”

நீர்க்காகம் எழுந்து பறந்தது. நாஸியா நுங்கைக் கீழே வைத்துவிட்டாள்.

சாயங்காலம் கடையில் ஆபித் பைப் அறுத்துக்கொண்டிருந்தான். ரம்பம் ஓயும்வரை காத்திருந்து அவள் கேட்டாள். “இன்னாங்க, உங்களுக்குத் தெரியுமாமே?”

“சொல்லத்தான் நெனச்சேன்.” அவன் பைப்பின் விளிம்பிலிருந்த பிசிறைத் தடவினான். “நான் இன்னா பண்றது நாஸியா? ஒரு பக்கம் தங்கச்சி, ஒரு பக்கம் நீ. அத்தா நல்லா இருந்தா ரெண்டு பேரும் போங்கன்னுதான் சொல்லியிருப்பாரு.”

“அவரு இப்பவும் அதான் சொல்றாரு.”

அது உண்மை. பேச்சு கொஞ்சம் திரும்பியதிலிருந்து, சில மாலைகளில் ஹபீப் முகமது நல்ல கையின் இரண்டு விரலைத் தூக்கி, “ரெண்டு… பேரும்,” என்பார். ஒருத்தி போயிருக்கிறாள், நீ எப்போது என்று கேட்பதுபோல் புருவத்தை உயர்த்துவார். “செப்டம்பர்,” என்று நாஸியா சொல்வாள். அவர் தலையாட்டுவார். அந்த வீட்டில் அவளுடைய செப்டம்பரை ஞாபகம் வைத்திருந்தவர், அவள் பெயரை மறந்துபோன அந்த ஒரு மனிதர்தான்.

வீட்டுக்கு வந்ததும் ரோஷன் பீவி அவளை அருகில் உட்காரவைத்துக்கொண்டார். கையில் முருங்கைக்கீரை. ஆய்ந்துகொண்டே பேசினார்.

“உங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறன். அவுருகிட்ட நீயே சொல்லிடும்மா, எனக்குப் படிப்புல இஷ்டம் இல்ல, நான் போவலன்னு. நாங்க சொன்னா, அந்தப் புள்ளய நாமதான் தடுத்துட்டோம்னு மனசுல வெச்சிகினு கெடப்பாரு. பிரஷர் ஏறும். டாக்டரு இன்னா சொன்னாரு? உன் வாயால சொன்னாதான் நம்புவாரு.”

“எனக்கு இஷ்டம் இருக்கே மாமி.”

“இருக்கட்டும். யாரு இல்லன்னா? ஒரு வார்த்த, அவுரு மனசு அமைதியாவறதுக்கு. பொய்யி கெடயாது, மருந்து மாதிரி நெனச்சிக்க. நீ எம் மவ. மவகிட்டதான கேக்க முடியும்?”

நாஸியா கீரைக் காம்புகளை ஒன்றுசேர்த்து முறத்தின் ஓரத்தில் வைத்தாள். இலையிலிருந்த ஒரு சிறு பூச்சி அவள் விரலில் ஏறியது. ஊதிவிட்டாள். சரி என்று அவள் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ரோஷன் பீவி அவள் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார்.

மஃரிப் தொழுகை முடிந்தது. வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. எல்லோரும் ஹபீப் முகமதுவின் அறையில் கூடினார்கள். ஆபித் ஜன்னலோரம் நின்றான். ரோஷன் பீவி கால்மாட்டில். முஸ்கான் தலைமாட்டில் நாற்காலி போட்டு அப்பாவின் உணர்வில்லாத கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாஸியா வழக்கமாக உட்காரும் முக்காலியில். பக்கத்து ஸ்டூலில் தண்ணீர் டம்ளரும் ஸ்பூனும் இருந்தன.

“அத்தா,” என்றாள் முஸ்கான். “மச்சி உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.”

அவர் முகத்தைத் திருப்பினார். வாயின் ஒரு பக்கம் சிரித்தது. நல்ல கை எழும்பியது. இரண்டு விரல். புருவம் உயர்ந்தது.

எல்லோரும் நாஸியாவைப் பார்த்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருந்தால் போதும் என்று அவளுக்குத் தெரியும். அவள் பேச வேண்டியதில்லை. முஸ்கான் பேசிவிடுவாள். இல்லையென்றால் மாமி. அவள் தலையைக் குனிந்திருந்தால் அதுவே பதிலாகிவிடும். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆனதுபோல. முஸ்கானுக்குப் பரீட்சைக்கு முந்தைய நாள் இதைச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். கேட்கும்போதே மறுத்துவிட வேண்டும், பிறகு மறுப்புக்கு மதிப்பில்லை என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டியவளும் அவள்தான்.

“மாமா,” என்றாள்.

அவர் முஸ்கான் என்று கூப்பிடத் தொடங்கியதிலிருந்து அவரை அவள் அத்தா என்றே அழைத்து வந்திருந்தாள். ரோஷன் பீவி நிமிர்ந்து பார்த்தார்.

“நான் போவலன்னு உங்ககிட்ட சொல்லச் சொல்றாங்க மாமா. அத மட்டும் நான் சொல்ல மாட்டேன்.”

குரல் உயரவில்லை. கஞ்சி ஆறிவிட்டது என்று சொல்வதுபோல் இருந்தது. முஸ்கானின் கை, அப்பாவின் கையை விட்டுவிட்டு, மடியில் போய் விழுந்தது.

ஹபீப் முகமது மகளைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. தூக்கிய இரண்டு விரலும் இன்னும் கொஞ்சநேரம் அந்தரத்தில் நின்றன. பிறகு கை தளர்ந்து போர்வைமேல் இறங்கியது. உதட்டை நனைத்துக்கொண்டார்.

“முஸ்கான்,” என்றார். “தண்ணி.”

நாஸியாவின் முழங்கால் தானாக எழும்பியது. கை டம்ளரை நோக்கி நீண்டது. பாதியில் நிறுத்தினாள். முக்காலியில் மறுபடி உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“உன்னத்தான் கூப்புடுறாரு முஸ்கான்,” என்றாள். “எடப்பக்கமா குடு.”